வாச்சாத்தியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

டிசம்பர் 10 வந்தால் அரசு அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மனித உரிமை நாள் உறுதிமொழி எடுப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் அந்தக் காட்சி எனக்கு நன்றாகப் பழக்கம். மேலதிகாரி தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாசிப்பார். நாங்கள் கையை நீட்டிக்கொண்டு பின்னால் சொல்வோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். உறுதிமொழி எடுக்கப்பட்டது என்று மேலே ஓர் அறிக்கை போகும். அத்தோடு அடுத்த டிசம்பர் வரை உரிமைக்கு விடுமுறை.

எடப்புளி நாட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன் அவ்வப்போது விண்ணப்பம் எழுதிக்கொள்ள என்னிடம் வருவான். நல்ல பிள்ளை. அவனிடம் பேச்சுவாக்கில், "வாச்சாத்தி தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "கேட்ட பேராத்தான் இருக்குதுங்க தாத்தா. சினிமாவுங்களா?" என்றான். அவன்மேல் குற்றமில்லை. அது நடந்தபோது அவன் பிறக்கவில்லை. தெரிந்த நாம்தான் சொல்லவில்லை.

இளைஞர்களிடம் மனித உரிமையையும் சமாதானத்தையும் எப்படிக் கொண்டுபோவது என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், நம் மலைப் பிள்ளைகளுக்கு அதற்காகப் பாரிஸ் வரை போக வேண்டாம், அரூர் வரை போனால் போதும் என்பேன். ஆனாலும் பாரிஸிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அந்தப் பாடம் அங்கிருந்துதான் வந்தது.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியிருந்தாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் வகுப்பில் எதுவும் மாறவில்லை. 1789-ஆம் வருடத்து மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். மொத்தம் 17 பிரிவுகள். மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமையில் சமமாகவும் பிறக்கிறார்கள் என்ற கருத்தில் தொடங்கும். ஒரு வார்த்தை விட்டுப்போனால் வாத்தியார், நாங்கள் 'முசியே' என்று கூப்பிடுபவர், ரூல்தடியால் விரல் முட்டியில் போடுவார். சமத்துவத்தை அடி வாங்கிப் படித்த தலைமுறை எங்களுடையது.

அந்தப் பிரகடனத்தில் யார் யார் இல்லை என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. பெண்கள் இல்லை. இதை எடுத்துக்காட்டி 1791-இல் பெண்களின் உரிமைக்கென்று ஒரு பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூழ் என்ற அம்மையாரை 1793-இல் கில்லட்டினில் தலையை வெட்டினார்கள். அடிமைகள் இல்லை. 1794-இல் அடிமை முறையை ஒழித்தார்கள், 1802-இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார், 1848-இல்தான் முடிவாக ஒழிந்தது. அது ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஜனங்களைக் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-இல் மர்த்தினீக் தீவில் கொண்டுபோய் இறக்கியது, அடுத்த வருடம் குவாதலூப் தீவில் இறக்கியது. 17 பிரிவுகளில் எதுவும் அந்தக் கப்பலில் ஏறவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு கதையும் உண்டு. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்று ஒரு வக்கீல். 1873-இல் ஐரோப்பியர் மாதிரி உடுப்புப் போட்டு, காலில் பூட்சோடு நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர்க்காரன் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்றார்கள். அவர் ஒதுங்கிப் போகவில்லை. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி ஜெயித்தார். பிற்பாடு, 1881-இல் வந்த ஆணையின்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, லப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். லப்போர்த் வீதி இன்றும் புதுச்சேரியில் இருக்கிறது. சாதியையும் வழக்கத்தையும் துறந்துதான் சமத்துவம் வாங்க வேண்டுமா என்று அன்றே பெரிய சண்டை நடந்தது. அதற்குள் இப்போது போகவில்லை. நான் சொல்ல வந்தது, பிரகடனம் எழுதி 84 வருடம் கழித்தும் ஒரு ஜோடி பூட்சுக்காகக் கடல் தாண்டி வழக்குப் போட வேண்டியிருந்தது என்பதுதான்.

1948 டிசம்பர் 10 அன்று அதே பாரிஸில், ஷையோ மாளிகையில், ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. முதல் பிரிவில் 'ஆண்கள் எல்லோரும்' என்று பொருள்படக்கூடிய சொல் இருந்ததை 'மனிதப் பிறவிகள் எல்லோரும்' என்று மாற்றவைத்தவர் நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. 1789-இல் விட்டுப்போன பாதிப் பேரை ஒரு குஜராத்தி அம்மா உள்ளே கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 பிரிவுகளில் 26-ஆவது கல்வியைப் பற்றியது. பள்ளிக்கூடம் எழுத்தும் கணக்கும் சொல்லித்தந்தால் மட்டும் போதாது, உரிமைகள்மேல் மரியாதையையும் சமாதானத்தையும் வளர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. பின்னால் 1995 முதல் 2004 வரை மனித உரிமைக் கல்விப் பத்தாண்டு, 2000-இல் சமாதானப் பண்பாட்டு ஆண்டு, 2001 முதல் 2010 வரை உலகக் குழந்தைகளுக்கான அகிம்சை, சமாதானப் பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்துக்கொண்டே போனது. இவை பற்றிய சுற்றறிக்கைகள் எந்த அலமாரியில் தூங்குகின்றன என்று கேட்காதீர்கள்.

இனி நம் மலைக்கு வருவோம்.

கொல்லிமலையை ஆள வெளியிலிருந்து யாரும் வருவதற்கு முன்பே இங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. எடப்புளி நாடு, திருப்புளி நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று பிரித்துக்கொண்டு, ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்குப் பட்டக்காரர் என்று வைத்துப் பஞ்சாயத்துப் பேசினார்கள். பதவிப் பெயர் இடத்துக்கு இடம் மாறும், வேலை ஒன்றுதான். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து மலைக்கு ஒருவராகத் தங்கினார்கள் என்ற கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கில் சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி, ஜவ்வாது மலை எல்லாம் பங்காளி, மாமன் மச்சான் உறவுதான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

அந்த நாட்டுப் பஞ்சாயத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த தகராறு, பாகப்பிரிவினை, கணவன் மனைவி பிணக்கு எல்லாவற்றையும் ஒரு பொழுதில் தீர்த்து, இரண்டு பக்கத்தாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து அனுப்புவார்கள். ஒரு சிவில் வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்று கோப்புகளைச் சுமந்த எனக்குத் தெரியும். தீர்ப்புக்குப் பிறகும் இரண்டு பேரும் அதே ஓடையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதை அந்தப் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். சமாதானப் பண்பாடு என்று ஐ.நா. 1999-இல் பேர் வைத்ததில் ஒரு பங்கு இங்கே முன்பே நடந்ததுதான்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசியவர் யார்? வயதான ஆண்கள். பெண் தன் வழக்கைத் தானே எழுந்து சொன்னதை நான் இங்கே பார்த்ததில்லை, அண்ணனோ மாமனோ சொல்வார். இளவட்டங்கள் ஓரமாக நின்று கேட்கலாம், வாய் திறந்தால் "உனக்கென்னடா தெரியும்" என்று விழும். சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தால் ஊர் அமைதியாகத் தெரியும். ஒரு பக்கத்தைப் பேசவிடாமல் வைத்திருந்தாலும் அப்படியேதான் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வித்தியாசம் புரியாது. உள்ளே இருக்கிற பெண்ணுக்குப் புரியும்.

உள்ளூர்த் தகராறைத் தீர்க்கத் தெரிந்த அந்தப் பஞ்சாயத்தால் தீர்க்க முடியாத ஒன்று உண்டு. சீருடை போட்டவர்கள் லாரியில் வந்து இறங்கினால் பட்டக்காரர் என்ன செய்வார்? அதற்குத்தான் வாச்சாத்தி.

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். நம்மைப் போன்றே மலையாளி ஜனங்கள். 1992 ஜூன் 20, சனிக்கிழமை. சந்தனக்கட்டை கடத்தல் உச்சத்தில் இருந்த காலம். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் இறங்கின. ஆண்கள் பலர் முன்பே மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்களை ஊர் ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். பதின்வயதுப் பெண்கள் உட்பட 18 பெண்களைப் பிரித்து, ஏரியில் ஒளித்துவைத்த கட்டையைக் காட்டச் சொல்லுகிற சாக்கில் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். இரவு அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்து, பிறகு சேலம் சிறை. 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள், ஆக 133 பேர் சிறைக்குப் போனார்கள். ஊரில் வீடுகளை இடித்தார்கள், தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், ஆடு கோழியை அடித்துத் தின்றார்கள்.

வயதான வாசகர்கள் சிலருக்கு இதையெல்லாம் படிக்கச் சங்கடமாக இருக்கும். எழுதுகிற எனக்கும் அப்படித்தான். அன்று நான் பக்கத்து மாவட்டத்தில் குமாஸ்தா. அரசு ஊழியர்கள் மத்தியில் அப்போது பேச்சு, "காட்டு விவகாரம், நமக்கெதற்கு" என்ற அளவோடு நின்றது. அப்படியொன்றும் நடக்கவில்லை என்றே மேலிடம் சொல்லிவந்தது.

வெளியே கொண்டுவந்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். சங்கத்தைச் சேர்ந்த பெ. சண்முகம் அடுத்த மாதமே ஊருக்குப் போய் ஆளில்லாத வீடுகளைப் பார்த்தார். கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி, ஐ.ஏ.எஸ்., நேரில் விசாரித்து, ஜனங்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அரசுக்குள்ளும் நேர்மையான கோப்பு எழுத முடியும் என்பதற்கு அந்த அம்மையார் சாட்சி. ஒரு குமாஸ்தாவாக இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1995-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதில் நிற்பது. அடையாள அணிவகுப்பில் வரிசையாக ஆண்களை நிறுத்தி, அந்தப் பெண்களை வந்து கை காட்டச் சொன்னார்கள். எழுதப் படிக்க அதிகம் தெரியாத பெண்கள். காட்டினார்கள். நீதிமன்றத்தில் வக்கீல்கள் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னார்கள். இடையில் கல்யாணமானது, பிள்ளை பிறந்தது, சிலருக்குப் பேரன் பேத்தியும் வந்தது. வாய்தா வாய்தாவாகப் பேருந்தேறிப் போய் வந்தார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 54 பேர் இடையில் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. அந்த ஐந்தைப் படித்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டேன், நான் சம்பளம் வாங்கிய துறை. வன்கொடுமைக் குற்றத்துக்காக 17 பேருக்கு 7 வருடம், 10 வருடம் என்று சிறை. மேல்முறையீடு போனார்கள். நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து ஜனங்களிடம் கேட்டார். அதே வருடம், அதே செப்டம்பர் 29 அன்று, தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றத்தான் ஒன்றுமறியாத ஜனங்களைப் பலி கொடுத்தார்கள் என்ற பொருளிலும் தீர்ப்பு பேசியது. நடந்தது முதல் அதுவரை 31 வருடம்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராதா, போலீஸ் என்றாலே வெறுப்பு வந்துவிடாதா, சமாதானம் வளர்க்கிறேன் என்று பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் வாச்சாத்தி ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சித்தேரி மலைக்காரனுக்கும் அரிவாள் இருக்கிறது, நாட்டுத் துப்பாக்கிக்கும் அந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. அதையெல்லாம் தொடவில்லை. மனுப் போட்டார்கள், சாட்சி சொன்னார்கள், காத்திருந்தார்கள். கோபம் வரட்டும், வர வேண்டியதுதான். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோவது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் உறவிலேயே இருக்கும்போது, தென்னாப்பிரிக்காவையும் அமெரிக்காவையும் தேடிப் போவானேன்?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லோரும் தமிழ்நாட்டு ஆட்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து மலையாளிகள் அதில் பலர். தரகர் வந்து முன்பணம் கொடுத்து, எந்த வேலைக்கு எங்கே போகிறோம் என்று சரியாகச் சொல்லாமலே பையன்களை வண்டியேற்றுவது அந்த மலைகளில் வழக்கமாகிவிட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது, முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பது குற்றம் என்று தெரிந்த பையன் தரகரிடம் நாலு கேள்வியாவது கேட்பான். நம் மலையிலிருந்தும் தூர தேசத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தர முடியுமா என்றால், தமிழ்நாட்டில் முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். மதுரையில் 1995-இல் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம் என்ற அமைப்பு, ஹென்றி திபேன் என்பவர் தலைமையில், 1997 முதல் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வி நடத்தியது. (பெயரில் பிரெஞ்சு வாசனை அடிக்கிறதே என்று நானும் நின்று பார்த்தேன்.) ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழில் புத்தகம் போட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் தனியார் பள்ளிகள், பிறகு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகள், பிறகு வேறு மாநிலங்கள் என்று பரவியது. மோனிஷா பஜாஜ் என்ற பேராசிரியை அமெரிக்காவிலிருந்து வந்து பல பள்ளிகளைப் பார்த்து 2012-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அதில் நான் கவனித்தது இரண்டு. வகுப்பில் படித்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கூடப் படிக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் போய்ப் பேசினார்கள், சாதி பார்த்துத் தனியே வைப்பதைக் கேள்வி கேட்டார்கள், வாத்தியாரின் பிரம்பைப் பற்றியும் கேட்டார்கள். வாத்தியார்களிலேயே பலர் பிரம்பைக் கீழே வைத்தார்கள். (2010-இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்தது அதற்கு அப்புறம்தான். என் முசியே இதைக் கேட்டால் கல்லறையில் புரண்டு படுப்பார்.) இரண்டாவது, கேள்வி கேட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை கேட்டால் புத்திசாலி என்றார்கள். ஏழைப் பிள்ளை, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை கேட்டால் வீட்டிலும் ஊரிலும் அடி விழுந்தது. ஆகவே உரிமையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, போய்க் கேள் என்று பிள்ளையைத் தனியே அனுப்புவது தர்மமில்லை. பெரியவர் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். நம்மைப் போன்ற ஓய்வு பெற்ற கிழங்களுக்கு இதில்தான் வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மை இனி யாரும் இடமாற்றம் செய்ய முடியாதே!

நம் மலையில் பேச வேண்டிய விஷயங்களுக்குப் பஞ்சமா? 2019 ஏப்ரலில் இராசிபுரத்தில் குழந்தை விற்பனை வழக்கு வெடித்தபோது கொல்லிமலைக் குழந்தைகளின் பேச்சும் அடிபட்டது. சி.பி.சி.ஐ.டி. வரை போனது. வறுமையில் பெற்றவளிடம் பேரம் பேசினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பெற்றவளைத் திட்டிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பத்தாம் வகுப்போடு நின்ற பெண்ணை அடுத்த வருடம் கைக்குழந்தையோடு சந்தையில் பார்க்கிறோம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆள் வரும். அந்த எண்ணை எந்தப் பெண்பிள்ளைக்காவது நாம் சொல்லியிருக்கிறோமா?

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுத்துவந்தது போய், 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும் என்று மாறியது. போலிச் சான்றிதழைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் போலிக்குப் போட்ட பூட்டு அசலையும் வெளியே நிறுத்தியது. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில், மலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த பையனை, தாத்தாவின் சான்று எங்கே, நிலப் பத்திரம் எங்கே என்று கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவுக்கு யார் சான்று கொடுத்தார்கள்? கல்லூரிச் சேர்க்கைத் தேதி முடிந்தபின் நாலாவது முறை வந்தான். கோபமாகக் கூடப் பேசவில்லை, "பரவாயில்லைங்க சார்" என்று போனான். அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குரலை உயர்த்தாமலே காரியம் நடந்திருக்கும். இப்போது இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வளைவு இறங்குவது குறைந்திருக்கிறது. ஆவணம் கேட்பது குறையவில்லை.

இதையெல்லாம் எங்கே பேசுவது? பழைய நாட்டுக் கூட்டத்தில் இளவட்டங்களுக்கும் பெண்களுக்கும் வாய் இல்லை என்றேன். கிராம சபையில் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணும் எண்பது வயதுக் கவுண்டரும் அங்கே சமம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டப்படி காட்டு நிலப் பட்டாக் கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரமும் இதே சபையிடம்தான் இருக்கிறது. ஆனால் நான் போன கூட்டங்களில் பிள்ளைகள் சுவரோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தீர்மானத்தை வாசிக்கும் முன்பே கையெழுத்துப் புத்தகம் சுற்றிவந்தது.

அடுத்து வருவது ஜனவரி 26. எடப்புளி நாட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் சாதிச் சான்றிதழ் தாமதம் பற்றி ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள், என்னிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். இரண்டு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினேன். எழுந்து வாசிக்கப் போவது அவர்களில் ஒரு பெண். அன்று காலை பத்தரைக்குள் வந்து முன்வரிசையில் உட்காரும்படி, அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் பேசி முடிக்கும்வரை யாரும் "உட்காரும்மா" என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.